அணு எரிபொருளைத் தூக்க ஓர் அனுமதி

2013-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள். ஜப்பானின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் நான்காம் உலைக் கட்டடம். முகமூடியும் காப்புடையும் அணிந்த பணியாளர் சிலர் அங்கு ஆழமான ஒரு குளத்தின்மேல் பாலம்போல் நின்ற எந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தனர். எந்திரத்தின் நீண்ட கை நீருக்குள் இறங்கியது. அடியில் இருந்த ஓர் உலோகக் கற்றையின் தலைப்பிடியைப் பற்றியது. பின்னர் மிக மெதுவாக அதை மேலே இழுத்தது.

கற்றையின் எடை சுமார் 300 கிலோகிராம், அதாவது நாலு நெல் மூட்டையின் எடை. துறைமுகத்தில் நின்று பார்த்தால், இதைப்போல் நூறு மடங்கு எடையைப் பாரந்தூக்கிகள் நாள் முழுதும் ஏற்றி இறக்குவதைக் காணலாம். ஆனால் இந்த நாலு மூட்டை எடையைத் தூக்குவதற்கு இரண்டரை ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது. ஏறத்தாழ 4,000 டன் எஃகில் ஒரு கூடாரமே எழுப்ப நேர்ந்தது. அரசின் ஆணையம் ஒன்று கருவியையும் கட்டடத்தையும் வேலைமுறையையும் ஆராய்ந்து இசைவு தர வேண்டியிருந்தது.

ஒரு தூக்குக் கருவிக்கு இவ்வளவு அனுமதி ஏன்? அனுமதி என்றால் என்ன? அது வெறும் முத்திரையா, அல்லது அதிலும் அறிவியல் உண்டா? ஃபுகுஷிமாவின் வரலாறு இக்கேள்விகளுக்கு நல்ல விடை தருகிறது.

தணியாத தணல்

அணு உலையில் எரிபொருளாக இருப்பது யுரேனியம் டை ஆக்சைடு. இதனைச் சிறு வில்லைகளாகச் செய்து, சிர்கோனியம் கலப்பு உலோகத்தாலான மெல்லிய குழல்களில் அடுக்குவர். அறுபது, எழுபது குழல்களை ஒன்றாகச் சேர்த்தது ஒரு கற்றை. அதன் நீளம் சுமார் நாலரை மீட்டர். சில ஆண்டுகள் உலையில் இருந்து வெப்பம் தந்தபின் கற்றை தன் பயனை இழக்கிறது. அதுவே பயன்தீர்ந்த எரிபொருள்.

பயன் தீர்ந்தது என்ற சொல் நம்மை ஏமாற்றக்கூடும். அடுப்பில் எரிந்து முடிந்த விறகு சாம்பலாகிக் குளிர்ந்துவிடும். அணு எரிபொருள் அப்படியன்று. யுரேனிய அணுக்கள் பிளந்ததால் பிறந்த புதிய தனிமங்கள் கதிர்களை உமிழ்ந்து சிதைந்துகொண்டே இருக்கின்றன. உலையை நிறுத்திய கணத்தில் இச்சிதைவால் எழும் வெப்பம் முழு வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். ஒரு நாளில் அரை விழுக்காடளவுக்கு இறங்கும். அதன்பின் குறைவது மெதுவாகவே. ஐந்து ஆண்டு கழிந்த பின்னும் ஒரு கற்றை சில நூறு வாட் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும்.

வெப்பத்தை விடக் கொடியது கதிர்வீச்சு. அண்மையில் உலையிலிருந்து எடுத்த கற்றையின் அருகில் மறைப்பின்றி நிற்பவர் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவு கதிர்வீச்சைப் பெற்றுவிடுவார். இரண்டுக்கும் ஒரே மருந்து நீர். அது வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது, கதிர்களையும் தடுக்கிறது. ஆகவேதான் பயன்தீர்ந்த கற்றைகளை ஆழமான குளத்தில், கற்றைகளுக்குமேல் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீர் நிற்கும்படி வைக்கின்றனர்.

இனி, கற்றையைத் தூக்கும் எந்திரத்தைப் பார்ப்போம். குளத்தின் இருகரையிலும் தண்டவாளம். அதன்மேல் நகரும் பாலம். பாலத்தின்மேல் குறுக்காக நகரும் ஒரு வண்டி. வண்டியிலிருந்து தொலைநோக்கிக் குழல்போல் நீண்டு சுருங்கும் ஒரு கம்பம். அதன் நுனியில் பற்றுக்கொக்கி. எளிய அமைப்புத்தான். எனினும் மூன்று நிபந்தனைகள் உண்டு. கற்றையைக் கீழே போடக்கூடாது. நீரின் மறைப்பு போதாமற்போகும் உயரத்துக்கு அதைத் தூக்கக்கூடாது. மின்சாரம் நின்றுபோனாலும் கொக்கி பிடியை விடக்கூடாது.

இதைவிடப் பெரிய சுமை, கற்றைகளை வெளியே கொண்டுசெல்லும் தடித்த உலோகக் கலம். நான்காம் உலையில் பயன்பட்ட கலம் 22 கற்றைகளைக் கொள்வது. எடை சுமார் 90 டன். அது குளத்தில் விழுந்தால் கற்றைகள் நொறுங்கும். குளத்தின் அடித்தளமே பிளக்கவும் கூடும்.

இக்கவலை புதியதன்று. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1979-இலும் 1980-இலும் இதுபற்றி இரு வழிகாட்டு நூல்களை வெளியிட்டது. அவற்றின் சாரம் இதுதான்: பாரந்தூக்கியின் எந்த ஓர் உறுப்பு பழுதானாலும் சுமை விழாதபடி அது அமைய வேண்டும், இல்லையேல், சுமை விழுந்தாலும் பெருங்கேடு விளையாது என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். சுமை செல்லும் வழியையும் முன்னதாகவே வரையறுக்க வேண்டும்.

ஒரு குளமும் ஒரு தலைநகரமும்

2011 மார்ச் 11-இல் ஜப்பானைத் தாக்கிய 9.0 அளவு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா நிலையத்தின் மின்சாரத்தைப் பறித்தன. முதல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. 12-ஆம் நாள் முதல் உலைக் கட்டடமும், 14-ஆம் நாள் மூன்றாம் கட்டடமும் ஹைட்ரஜன் வெடிப்பால் சிதறின.

நான்காம் உலை அப்போது ஓடவே இல்லை. பராமரிப்புக்காக 2010 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டு, அதன் எரிபொருள் முழுவதும் குளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பழையவையும் புதியவையுமாக 1,535 கற்றைகள் அந்த ஒரே குளத்தில் இருந்தன. குளமோ தரையிலன்று, கட்டடத்தின் மேல்தளத்தில். மார்ச் 15 காலையில் இக்கட்டடமும் வெடித்தது. மூன்றாம் உலையில் உண்டான ஹைட்ரஜன், பொதுவான வெளியேற்றுக் குழாய் வழியாக இங்கு வந்து சேர்ந்ததே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அன்றோ, குளம் வற்றிவிட்டதோ என்ற அச்சமே மேலோங்கியது. வற்றிய குளத்தில் குழல்கள் சூடேறிக் காற்றுடன் வினைபுரிந்து தீப்பற்றினால், அக்கதிரியக்கத்தைத் தடுக்க மேலே கூரைகூட இல்லை.

ஜப்பான் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த ஷுன்சுகே கோண்டோ, பிரதமர் நவோட்டோ கானின் வேண்டுகோளின்பேரில் மார்ச் 25-இல் ஓர் அறிக்கை தந்தார். நிலைமை மிக மோசமானால் 170 கி.மீ. சுற்றளவில் உள்ளோரைக் கட்டாயமாகவும், 250 கி.மீ. வரை உள்ளோரை அவர் விருப்பப்படியும் வெளியேற்ற நேரலாம் என்று அது கூறியது. டோக்கியோ மாநகரம் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

நல்லவேளையாகக் குளம் வற்றவில்லை. பராமரிப்புக்காக அடுத்திருந்த உலைக்கிணற்றில் நீர் நிரப்பியிருந்தனர். இடையிலிருந்த கதவின் வழியே அந்நீர் குளத்துக்குள் கசிந்தது. பின்னர், கட்டட வேலைக்குக் கான்கிரீட் இறைக்கும் நீண்ட கை வண்டிகளைக் கொண்டுவந்து நீர் ஊற்றினர். நாட்டின் தலைநகரம் தப்பியதில் திட்டமிடாத ஒரு கசிவுக்கும் பங்கு உண்டு என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

கேள்வி கேட்பவர் யார்?

விபத்துக்கு முன் ஜப்பானில் அணுமின் நிலையங்களைக் கண்காணித்த அமைப்பு, பொருளாதார, வாணிப, தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அணுமின் உற்பத்தியை வளர்க்கும் பொறுப்பும் அதே அமைச்சகத்துடையது. வண்டியை விற்பவரே அதற்குத் தகுதிச் சான்றும் கொடுப்பது போன்ற நிலை. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012 ஜூலையில் இவ்விபத்தை மனிதரால் விளைந்த ஒன்று என்றே தீர்ப்பளித்தது. கண்காணிக்க வேண்டியவர்கள், கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் பிடியில் இருந்ததை அது கண்டித்தது.

2012 செப்டம்பர் 19-இல் பழைய அமைப்பு கலைக்கப்பட்டு, அணு ஒழுங்குமுறை ஆணையம் என்ற தன்னுரிமை பெற்ற அமைப்பு பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தைத் தனிவகை அணு நிலையமாக அறிவித்தது. இடிந்து கிடக்கும் நிலையத்துக்கு வழக்கமான விதிகள் பொருந்தா அல்லவா? ஆகவே, என்ன செய்யப்போகிறோம், எப்படிச் செய்யப்போகிறோம் என்பதையெல்லாம் டோக்கியோ மின்சக்திக் கம்பெனி ஒரு செயல்திட்டமாக எழுதித் தர வேண்டும். ஆணையம் அதனை ஆராய்ந்து ஒப்ப வேண்டும். 2012 டிசம்பரில் அளிக்கப்பட்ட திட்டம் 2013 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் புதிய கருவி எதை அமைப்பதானாலும், அத்திட்டத்தைத் திருத்த அனுமதி பெற்றாக வேண்டும்.

இங்குதான் ஒரு புதிய சிக்கல் எழுகிறது. நலமாக உள்ள அணுமின் நிலையத்தில் ஐயம் தோன்றினால் கண்காணிப்பாளர் அனுமதி மறுக்கலாம், வேலை நிற்கும், அதனால் ஆபத்து கூடாது. ஃபுகுஷிமாவில் அப்படியன்று. கற்றைகள் வெடித்த கட்டடத்தின் உச்சியில் இருக்கின்றன. அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அனுமதி மறுத்துக் காலம் கடத்துவதும் ஆபத்து. ஆராயாமல் அனுமதி தருவதும் ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே நின்றுதான் ஆணையம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடைபோட வேண்டியிருந்தது.

நான்காம் உலை: முதல் வெற்றி

வெடித்த கட்டடத்தின் குளம் நிலைக்குமா என்பதே முதல் கவலை. 2011 ஜூலைக்குள் குளத்தின் அடியில் எஃகுத் தூண்களும் கான்கிரீட்டும் கொண்டு முட்டுக் கொடுத்தனர். பின், இடிந்த மேற்பகுதியை அகற்றினர். பழைய சுவர்களின்மேல் புதிய பாரந்தூக்கியை ஏற்றினால் அவை அதன் எடையைத் தாங்குமா? தாங்கும் என்று உறுதி கூற இயலாது. எனவே, கட்டடத்தின் பக்கத்தில் தனி அடித்தளமிட்டு, அங்கிருந்து எழுந்து குளத்தின்மேல் வளைந்து நிற்கும் ஓர் எஃகுச் சட்டத்தை அமைத்தனர். பாரந்தூக்கியின் சுமையைப் பழைய கட்டடம் சுமக்காதபடி செய்த இந்த ஏற்பாடே திட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

2012 ஜூலையில் பயன்படுத்தப்படாத இரண்டு கற்றைகளை வெளியே எடுத்துப் பார்த்தனர். கடல்நீர் பட்டும் அவை பெரிதும் அரிக்கப்படவில்லை. குளத்தில் சிறு கற்கள் விழுந்து கற்றைகளுக்கும் அடுக்குச் சட்டத்துக்கும் இடையே சிக்கியிருந்தால், இழுக்கும்போது கற்றை கிழியக்கூடும். ஆகவே இழுவிசை அளவு மீறினால் எந்திரம் தானே நிற்க வேண்டும். 1982-இல் கையாளும்போது வளைந்துபோன ஒரு கற்றையும் அக்குளத்தில் இருந்தது. அமைதியான நாளில், நலமான கருவியைக் கொண்டு செய்த வேலையிலேயே அப்படி நேர்ந்ததென்றால், இடிபாட்டின் நடுவே எவ்வளவு கவனம் வேண்டும்!

2013 நவம்பரில் தொடங்கிய வேலை 2014 டிசம்பர் 22-இல் முடிந்தது. 1,535 கற்றைகளும் அகற்றப்பட்டன. டோக்கியோவை அச்சுறுத்திய குளம் வெறும் குளமாயிற்று.

மூன்றாம் உலை: காகிதமும் கருவியும்

மூன்றாம் உலையின் குளத்தில் 566 கற்றைகள் இருந்தன. எண்ணிக்கை குறைவு, இடர் மிகுதி. வெடிப்பில் பழைய எரிபொருள் எந்திரமே குளத்துக்குள் விழுந்து கிடந்தது. சுமார் 20 டன் எடையுள்ள அதனை 2015 ஆகஸ்டில்தான் வெளியே தூக்க முடிந்தது. கீழே உலையின் எரிபொருள் உருகியிருந்ததால் மேல்தளத்தில் கதிர்வீச்சு மிகுதி. நான்காம் உலையில் போல் ஆட்கள் குளத்தருகே நின்று வேலை செய்ய இயலாது. எல்லாவற்றையும் தொலைவில் ஓர் அறையிலிருந்து, படக்கருவியின் உதவியால் இயக்க வேண்டும். இதற்கென உருளை வடிவக் கூரை ஒன்றும் அமைத்தனர். அது 2018 தொடக்கத்தில் முழுமையடைந்தது.

வரைபடங்களில் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் 2018-இல் ஓட்டிப் பார்த்தபோது தொல்லைகள் தலைகாட்டின. பாரந்தூக்கியின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாயிற்று. வெளிநாட்டில் செய்யப்பட்ட அக்கருவியின் மின்னழுத்த அமைப்பு, நிலையத்தின் மின்னழுத்தத்தோடு பொருந்தியிருக்கவில்லை. ஆகஸ்டில், ஆணையத்தின் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே எரிபொருள் எந்திரம் நின்றுவிட்டது. மின்கம்பி இணைப்புக்குள் மழைநீர் புகுந்து, துருப்பிடித்து, கம்பி அறுந்திருந்தது கண்டறியப்பட்டது.

இவை சிறு குறைகள்தாமே என்று தோன்றலாம். ஆனால் கற்றை கொக்கியில் தொங்கும்போது இணைப்பு அறுந்திருந்தால்? அதைச் செப்பனிட ஆட்கள் கதிர்வீச்சு மிகுந்த தளத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே வேலையைத் தள்ளிவைத்து, கருவியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 2018 நவம்பரில் தொடங்கவிருந்த பணி 2019 ஏப்ரல் 15-இல் தொடங்கி, 2021 பிப்ரவரி 28-இல் முடிந்தது.

அனுமதி என்பது ஒருமுறை இடும் கையெழுத்தன்று என்பதை மூன்றாம் உலை காட்டியது. வடிவமைப்பை ஆராய்வது முதற்படி. வடிவமைத்தபடியே செய்யப்பட்டதா என்று பார்ப்பது இரண்டாம் படி. நிறுவிய இடத்தில், அங்குள்ள மழையிலும் உப்புக்காற்றிலும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது மூன்றாம் படி. குறை வெளிப்பட்டது மூன்றாம் படியில். அப்படியொரு படி இல்லாதிருந்தால் அது எரிபொருளோடு சேர்த்தே வெளிப்பட்டிருக்கும்.

இரண்டாம் உலை: பக்கவாட்டில் ஒரு வாயில்

இரண்டாம் உலைக் கட்டடம் வெடிக்கவில்லை. முதல் கட்டடம் வெடித்த அதிர்ச்சியில் இதன் சுவர்ப்பலகை ஒன்று திறந்துகொள்ள, ஹைட்ரஜன் வெளியேறிவிட்டது. ஆனால் கட்டடம் மூடியபடியே இருந்ததால் கதிரியக்கத் தூசு உள்ளேயே தங்கிவிட்டது. குளத்தில் 615 கற்றைகள் இருந்தன.

கட்டடத்தின் மேற்பகுதியை இடித்துவிட்டு மேலிருந்து எடுக்கலாம் என்று 2015-இல் எண்ணினர். ஆனால் விபத்தின்போது ஊரைவிட்டு வெளியேறியவர்கள் சுற்றுப்புறங்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தனர். இடிக்கும்போது தூசு பறந்தால் அவர்கள் மீண்டும் பாதிக்கப்படுவர். எனவே 2019-இல் திட்டம் மாறியது. கூரையைத் தொடாமல், தெற்குச் சுவரில் ஒரு வாயில் திறந்து, அதற்கு வெளியே உயரமான ஒரு முன்கட்டடம் எழுப்பி, அங்கிருந்து நீண்ட கை கொண்ட பாரந்தூக்கியை உள்ளே நகர்த்திக் கற்றைகளை எடுப்பது என முடிவாயிற்று.

இக்கருவியை அமைக்க 2020 டிசம்பரில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2021 பிப்ரவரி 13-இல் ஃபுகுஷிமாக் கடலோரத்தில் 7.3 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலையத்தில் புதிதாக எழுப்பப்படுபவை எவ்வளவு அதிர்வைத் தாங்க வேண்டும் என்பதை ஆணையம் மறுபடி ஆராய்ந்தது. தூக்கிய கை நீட்டியபடி நிற்கும்போது நிலம் அதிர்ந்தால் என்ன ஆகும்? வாயில் வழியே தூசு வெளியேறாமல் எப்படித் தடுப்பது? இத்தகைய கேள்விகளுக்கு விடை கிடைத்தபின், 2022 ஏப்ரலில் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு முந்திய மாதந்தான் 7.4 அளவில் இன்னொரு நிலநடுக்கம் அப்பகுதியைக் குலுக்கியிருந்தது. விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் இயற்கையே நினைவூட்டல் தந்தது போலாயிற்று.

கற்றைகளை எடுக்கும் வேலையை 2026-ஆம் நிதியாண்டுக்குள் தொடங்குவது திட்டம். 392 கற்றைகளுள்ள முதல் உலைக்குக் கட்டடம் முழுவதையும் மூடும் பெரிய உறை அமைத்து, அதன் பின்னரே வேலை. 2031-க்குள் எல்லா உலைக் குளங்களையும் காலி செய்வது அரசின் குறிக்கோள்.

கேள்வியின் பயன்

இவ்வரலாற்றில் அனுமதிக்காகக் கழிந்த மாதங்களை வீண் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையில் அம்மாதங்களில் நடந்தது ஒரு சோதனை. அறிவியலார் ஒரு கருத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கின்றனர். தவறானால் கருத்து மட்டுமே வீழ்கிறது. கற்றையை நழுவவிட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே கருவியை முதலில் கேள்விகளால் சோதிக்கிறோம்: கயிறு அறுந்தால்? மின்சாரம் நின்றால்? நிலம் அதிர்ந்தால்? மழை பெய்தால்?

அதே வேளையில், கேள்வி கேட்பவர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கற்றைகள் இடிந்த கட்டடத்தின் உச்சியிலேயே இருக்கின்றன என்பதை அவர் மறத்தலாகாது. எது கேட்கப்பட வேண்டிய கேள்வி, எது காலத்தை மட்டும் விழுங்கும் கேள்வி என்று பிரித்தறிவதே அவர் கலை.

விபத்துக்கு முன், கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. அதன்பின் 1,535 கற்றைகளைத் தூக்க ஒரு நாடு பட்ட பாட்டை நாம் கண்டோம். அன்று டோக்கியோவைக் காத்ததில் ஒரு கதவின் கசிவுக்குப் பங்கிருந்தது. அடுத்தமுறையும் கசிவு வந்து காக்கும் என்று எந்த நாடும் நம்பியிருக்க முடியாது.